லாரியில் வந்த வீடு

"நான் செத்தா என்னைய எங்கட்டி கெடத்துவ?"

ராகேல் மகள் ஜினியிடம் இப்படிக் கேட்டது வாடகை வீட்டில் இருந்தபோது. அந்த வரிசையின் கடைசி வீட்டு மரியான் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, பிரேதத்தை உள்ளே கொண்டுவந்தால் பிறகு யாரும் குடிவரமாட்டார்கள் என்று வீட்டு உடைமைக்காரர் தடுத்துவிட்டார். சாலையோரம் தார்ப்பாய் கட்டிப் பெட்டியை வைத்தார்கள். பைக்குகள் ஹாரன் அடித்து விலகிப் போயின. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுத்தான் ராகேல் கேட்டாள். அவளுக்கும் அப்போது நோய் முற்றியிருந்தது.

இன்று விடியலில் ராகேல் இறந்துபோனாள். ஜினி சொந்த வீட்டின் முன்னறையில் சோபாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அழுகை சற்று ஓய்ந்தபோதுதான், பெட்டியை இங்கே வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது உறைத்தது.

மனை முன்பே இருந்தது. ஆனால் செங்கல் வைத்துக் கட்டினால் ஒரு வருஷம் ஆகும். அம்மாவுக்கு அவ்வளவு காலம் இல்லை. தொழிற்சாலையிலேயே அறை அறையாகச் செய்து, கொண்டுவந்து நிறுத்தும் வீட்டுக்கு ஜினி ஏற்பாடு செய்தாள். அஸ்திவாரம் காய்ந்ததும், கதவும் ஜன்னலும் வயரிங்கும் முடிந்த அறைகள் லாரியில் ஏறி மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி வந்தன. கிரேன் ஒவ்வொன்றாக இறக்கியது. ஒரு வாரத்தில் வீடு நின்றது.

கட்டட கான்ட்ராக்டரான தாய்மாமா ஞானசிங் அன்று வந்து சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"காத்தடிச்சா வீட்ட முட்டம் கடப்பொறத்துல போய்தான் பெறக்கி எடுக்கணும், கேட்டியா."

"அப்பம் என்னையும் கூட்டிட்டுப் போண்ணே. கடலு பாத்து நாளாச்சு" என்றாள் ராகேல்.

மழைக்காலம் முழுக்க அவள் இங்கேதான் இருந்தாள். எங்கும் ஒழுகவில்லை.

மதியம் போதகர் ஜெபிக்கும்போது முன்னறை நிறைந்திருந்தது. நடுவில் பெட்டி. மாமா அதே சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

சொர்ணம்மாளும் வந்திருந்தாள். பழைய வாடகை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி; இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கணவர் ஒரு வருஷமாகப் படுத்த படுக்கை. ஜெபம் முடிந்ததும் ஜினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்ட வைக்க எத்தற நாளாச்சு மக்களே?"

"ஒரு வாரம்தான் அக்கா."

சொர்ணம்மாள் பெட்டியைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பார்த்தாள். அதைச் சுற்றி ஆட்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு வாசலின் அகலத்தை. உள்ளங்கையால் சுவரை ஒருமுறை தடவினாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.