மடை வைக்காத சுவர்

கோவில்பட்டி வட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிருபராக இருக்கிறேன். அதில் பத்தொன்பது வருஷம் மழை பெய்யவில்லை என்றுதான் எழுதினேன். உளுந்து கருகியது, கண்மாய் வறண்டது, வாடிய பயிருடன் வந்து விவசாயிகள் மனு. போட்டோவுக்கும் பெரிய அலைச்சல் கிடையாது. வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டில் யாரையாவது குத்தவைத்து உட்காரச் சொல்லி, கொஞ்சம் வானத்தைப் பார்க்கச் சொன்னால் போதும். அப்படிப்பட்ட ஆளை வெள்ளத் தற்காப்புக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள் என்றால் தப்பு என் மேல் மட்டும் இல்லை.

எங்கள் ஊர் குளத்தூருக்கு மேற்கே இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் ஓடை. எனக்கு விவரம் தெரிந்து அதில் தண்ணீர் ஓடியதை விட டிராக்டர் ஓடியதுதான் அதிகம். 2023 மார்கழியில் பெய்த மழையில் அது திடீரென்று ஊருக்குள் வந்தது. ஓடைக்கரையில் ஆட்டுப்பட்டி போட்டிருந்த சுப்புத்தாய்க்கு ஒரே நாளில் பத்தொன்பது குட்டிகள் போய்விட்டன. நான் போய் எழுதினேன். ‘கண்ணீரில் மிதக்கும் கரிசல்’ என்று தலைப்புக் கொடுத்தேன். மாவட்டப் பக்கத்தில் என் பெயரோடு வந்தது. சுப்புத்தாய் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, “போட்டோவுல நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள்.

பிறகு குழு உருவானது. எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. நெதர்லாந்தில் கடலை எப்படித் தடுத்தார்கள், வங்கதேசத்தில் மிதக்கும் தோட்டம் எப்படிப் போடுகிறார்கள், ஜப்பானில் பூமிக்கடியில் எத்தனை பெரிய தொட்டி கட்டியிருக்கிறார்கள், எல்லாம் படித்தேன். நாற்பது பக்கத்தில் ஒரு திட்டம் தயாரித்தேன். எங்கள் ஓடை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் அதில் இல்லை.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் நான் வீடும் கட்டினேன். சுப்புத்தாயின் பட்டிக்கு வடக்கே என் மனை. அஸ்திவாரத்தை நாலடி உயர்த்தினேன். சுற்றிலும் ஐந்தடிக்குச் சுவர். கொத்தனார் திருப்பதியிடம், நடுவில் கம்பி வைத்து, வெள்ளமே வந்தாலும் அசையாதபடி கட்டச் சொன்னேன். திருப்பதி தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, இது வீடா, ஜெயிலா?”

“முன்னெச்சரிக்கைடே” என்றேன்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது சுப்புத்தாய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு செம்மறி, நாலு வெள்ளாடு. சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“அண்ணாச்சி, சொவத்துல மடை வைக்கலையா?”

“மடை வைக்க இது என்ன கண்மாயா?”

“மேக்காட்டுத் தண்ணி இது வழியாத்தான் ஓடைக்குப் போகும். நீங்க மறிச்சா அது தெக்க திரும்பும். தெக்க என் பட்டிலா இருக்கு?”

நான் செல்போனை எடுத்து, மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, தரையில் வைத்துக் காண்பித்தேன். திரையில் பச்சைக் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. “பாத்தியா, சமமா இருக்கு. தண்ணி எங்கேயும் திரும்பாது.”

அவள் குமிழியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “எங்க வேலி முள்ளு வேலி. ஆட்ட மறிக்கும், தண்ணிய விட்டுரும். நீங்க ரெண்டையும் மறிக்கீங்க” என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள்.

அடுத்த குழுக் கூட்டத்திலும் இதையே எழுந்து நின்று சொன்னாள். தீர்மானப் புத்தகத்தில், ‘பொதுமக்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன’ என்று எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அன்றைக்கு மிக அழகாக இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. முதல் நாள் முழுக்கப் பெய்து, மறுநாள் காலையிலும் விடவில்லை. கரிசல் மண் ஓரளவுக்குத்தான் தண்ணீரைக் குடிக்கும். அதற்கு மேல் களியாகிவிடும். கால் வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டு காலைத் திருப்பித் தரும். பத்து மணிக்கு நான் கட்டிலில் உட்கார்ந்து, குழுவின் வாட்ஸ்அப்பில் திட்டத்தின் பதினோராம் பக்கத்தை அனுப்பினேன். ‘பொதுமக்கள் கால்நடைகளுடன் மேட்டுப் பகுதியான அரசு தொடக்கப்பள்ளிக்குச் செல்லவும்.’

ஐந்து நிமிஷத்தில் சுப்புத்தாய் போன் செய்தாள்.

“அண்ணாச்சி, மேட்டுக்குப் போகச் சொல்லி போட்டுருக்கீங்களாம். மாரிசெல்வி வாசிச்சா.” மாரிசெல்வி அவள் மகள்.

“ஆமா, பள்ளிக்கூடத்துக்குப் போ.”

“பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம்லா இருக்கு. ஆடு நீந்திப் போகணுமா, நீங்க படகு அனுப்புதீங்களா?”

இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் நான் இத்தனை நேரான கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

“பட்டிக்குள்ள முழங்காலுக்கு வந்துட்டு. முப்பது ஆடு செனையா நிக்கி. இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது. இங்கன மேடுன்னா உங்க மாடிதான்.”

மாடியில் வெயிலுக்காக வெள்ளை டைல்ஸ் பதித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த நேரத்தில் அது ஞாபகம் வந்திருக்கக் கூடாது. வந்தது.

“ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்லுதேன்” என்றேன்.

என் மனைவி உமாதேவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஆணியில் தொங்கிய கேட் சாவியை எடுத்தாள். “நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க. நான் தொறந்து விட்டுட்டு வாரேன்.”

ஆடுகள் சுவரை ஒட்டியே சுற்றிக்கொண்டு, வயிறு நனைய கேட்டுக்கு வந்தன. அதுவரை வந்த செம்மறிகள் மாடிப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டன. செம்மறியில் ஒன்று நின்றால் அத்தனையும் நிற்கும். நான் பின்னால் போய் இரண்டு கைகளாலும் தள்ளினேன். இரண்டு ஆடுகள் திரும்பித் தெருவுக்கு ஓடின.

“அண்ணாச்சி, நீங்க ஒதுங்கி நில்லுங்க. உங்களப் பாத்துதான் மெரளுது” என்றாள் சுப்புத்தாய். மாரிசெல்வி ஓடிப்போய் அந்த இரண்டையும் மடக்கி வந்தாள்.

ஒதுங்கி நின்றேன். சுப்புத்தாய் ஒரு காது அறுந்த வெள்ளாட்டை முன்னால் இழுத்தாள். “ஏட்டி மூளி, ஏறு.”

மூளி படியை மோந்து பார்த்தது. பிறகு நாலு படி நாலு படியாகத் தாவி உச்சிக்குப் போய், கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒரு சத்தம் கொடுத்தது. அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு செம்மறிகளும் குழாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி மாடிக்கு ஏறின. நாலு வெள்ளாட்டைச் செம்மறிக் கூட்டத்தில் எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்காதவன் நான். என் நாற்பது பக்கத்தில் எச்சரிக்கைச் சங்கு இருந்தது, மெகாபோன் இருந்தது, ஆடு இல்லை.

நானும் மாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்ப்பதற்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. மேற்கேயிருந்து வந்த கலங்கல் தண்ணீர் என் சுவரில் முட்டி, மூன்றடிக்கு ஏறி, அளந்து வைத்தது போலத் தெற்கே திரும்பி, சுப்புத்தாயின் காலிப் பட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஆடுகள் நின்ற இடத்தில் இப்போது வேலிக் கம்புகளின் நுனி மட்டும் தெரிந்தது. சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை.

சுப்புத்தாய் முந்தானையைப் பிழிந்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

“சொவரு நல்லாத்தான் நிக்கி, அண்ணாச்சி.”

அன்று சாயங்காலம் அந்த வெள்ளை டைல்ஸில் இரண்டு ஆடுகள் குட்டி போட்டன. உமாதேவி என் பழைய பேப்பர்களை விரித்துக் கொடுத்தாள்.

வெள்ளம் வடிந்ததும் செய்தி எழுத உட்கார்ந்தேன். ‘தனிநபர் ஒருவர் எழுப்பிய சுற்றுச்சுவரால் நீர்வழி அடைபட்டது.’ ஆபீஸிலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். “அந்தத் தனிநபர் பேரு இல்லையே சார்?”

“விசாரிச்சுச் சொல்லுதேன்” என்றேன்.

“வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எத்தனை நாள் விசாரிப்பீங்க?” என்றாள் உமாதேவி. மறுநாள் என் பெயரையே சொன்னேன், கருத்தையா, இனிஷியலோடு. மூன்றாம் பக்கத்தில் வந்தது.

தை பிறந்ததும் திருப்பதி கடப்பாரையோடு வந்தார். மேற்குச் சுவரில் மூன்று, கிழக்குச் சுவரில் மூன்று, தரையோடு ஒட்டி ஆறு மடை. ஒரு நாள் வேலை என்றார். நான் வைக்கச் சொன்ன கம்பியினால் நாலு நாள் ஆனது. ஒவ்வொரு கம்பியை அறுக்கும்போதும், “முன்னெச்சரிக்கை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மடைகளில் நாய் நுழையாதபடி உடைமுள்ளை வெட்டி அடைத்தது சுப்புத்தாய். இனி மழை வந்தால் தண்ணீர் என் முற்றம் வழியாகப் போகும். என் ரோஜாச் செடிகளும் கூடப் போகும்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சுப்புத்தாய் மொத்த ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வருகிறாள். மூளி முன்னால் ஏற, மற்றவை பின்னால் ஏறி, மாடியைச் சுற்றிவிட்டு இறங்குகின்றன. சித்திரை வெயிலில் வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“மழைக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கே. இப்ப எதுக்கு?”

“ஆடு மறந்துரும், அண்ணாச்சி.” படியில் கிடந்த புழுக்கையைக் காலால் ஒதுக்கினாள். “ரெண்டு வருஷம் மழை இல்லேன்னா நீங்களும் மறந்துருவீங்க.”

குழுவின் திட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டோம். இப்போது அது ஒரே பக்கம். ‘செயலாளரின் பொறுப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரிதான் இருக்கிறது: கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பது.