நான்காம் விதி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. இணையத்தில் அவள் 'பெரியக்கா'. கலங்கரை விளக்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி எப்போதோ வந்து நின்றுபோன தொலைக்காட்சித் தொடருக்கு, ரசிகர்களே சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியம் நடத்தினார்கள். "ஊரே மறந்த சீரியலுக்கு ஏழெட்டுப் பேர் காவல்" என்பான் அவள் கணவன்.

தளத்தின் விதிகளை எழுதியது அவள்தான். நான்காம் விதி, கட்டுரைகளை ஒட்டி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் கட்டுரையைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்பது. ஒருமுறை யாரோ இன்னொருத்தரின் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டு ரகளையானதில், சொந்த விவரங்களை மீட்க முடியாதபடி அடியோடு அழிக்கும் அதிகாரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான்காம் விதிக்கு அடங்காதவர் ஒருத்தர்தான். 'ஈரச்சாக்கு' என்ற பெயரில் எழுதுவார். நூற்றுத் தொண்ணூறு அத்தியாயங்களின் கதைச்சுருக்கம் அவர் கைங்கரியம். ஆனால் தொடரின் கடைசிக் காட்சியில் சமையல்காரர் கதவைச் சாத்தினாரா, திறந்து வைத்தாரா என்று விவாதம் நடந்தால், தன் வீட்டுக் கதவின் கீல் துருப்பிடித்த கதையில் தொடங்குவார். பெரியக்கா ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். பேச்சுப் பக்கத்தில் ஈரச்சாக்கு எழுதியிருந்தார். 'கதவைத் திறந்துதான் வச்சார். நாளைக்குக் காலைல எனக்கு ஆபரேஷன்.' அதற்குக் கீழே நீளமாகப் போயிற்று. ஆஸ்பத்திரி பெயரும் வார்டு எண்ணும் கண்ணில் பட்டன. முன்னறையிலிருந்து முதலாளி, வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று குரல் கொடுத்தார். மீதியைப் படிக்காமலே அடியோடு அழித்தாள். இது இரண்டாம் எச்சரிக்கை என்று அவருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனாள்.

பதினோரு நாள் கழித்து ஒரு பெண் தளத்துக்கு எழுதி, பெரியக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கி அழைத்தாள்.

"ஈரச்சாக்குன்னு எழுதுவாரே, அவரோட தங்கச்சி பேசறேன்."

"சொல்லும்மா. அவர் எப்படி இருக்கார்?"

"அண்ணன் இல்லக்கா. ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணே முழிக்கல. முந்தின நாள் நான் போனப்ப ஃபோன்ல தட்டிட்டே இருந்தார். யாருக்குன்னு கேட்டேன். நம்ம ஆளுங்களுக்கு, மனசுல இருந்ததெல்லாம் எழுதிட்டேன்னார். எங்ககிட்ட அவர் வாயத் திறந்ததே இல்ல. அது எங்க இருக்குன்னு காட்டித் தர்றீங்களா?"

"அது இல்லம்மா. நான்தான் அழிச்சேன்."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாது."

"நீங்க படிச்சிருப்பீங்கல்ல. என்ன எழுதியிருந்தார்?"

அவள் அந்த இரண்டு வரிகளைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் நிறைய இருந்துச்சும்மா. நான் படிக்கல."

"சரிக்கா. உங்க வேலைய நீங்க பாத்தீங்க." குரலில் கோபமில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சர்வர் நடத்துபவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை என்று பதில் வந்தது. பிறகு ஈரச்சாக்குக்கு ஒரு பக்கம் தொடங்கினாள். தொடரின் கதாபாத்திரங்களுக்கு மட்டும்தான் பக்கம், அதுவும் நீங்கள் எழுதிய விதிதானே என்று மற்றவர்கள் தயங்கித் தயங்கி நினைவூட்டினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதிவிட்டே வாக்களித்தார்கள். நீக்கச் சொல்லி ஐந்து பேர், வேண்டாமென்று இரண்டு பேர்; பக்கம் போயிற்று.

பொறுப்பிலிருந்து விலகினாள். "நீ வேணும்னு செய்யலையே" என்றான் கணவன்.

"படிச்சிருக்கலாம். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்" என்றாள்.

மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தத் தங்கை அழைக்கிறாள். நலம் விசாரிக்கிறாள், தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறாள். வைப்பதற்கு முன்னால் கேட்கிறாள்:

"வேற ஏதாவது வரி ஞாபகம் வந்துச்சாக்கா?"

"இல்லம்மா."

"பரவால்ல. வந்தா சொல்லுங்க."