மூன்றாம் பெஞ்சில் ஈரம்

பள்ளி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின் மேல் பக்தவச்சலம் முதல் அடி அடித்தபோது அதிலிருந்து மணியோசையே வரவில்லை. வரக்கூடாது என்றுதான் இரும்புக் கம்பியின் நுனியில் லத்தீஃபா பழைய கைலித் துணியை ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். தலையணையைத் தட்டியது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கே அவள் மகள் உம்மு சல்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். ஆனால் கத்தவில்லை.

"கத்தலை பாத்தீங்களாண்ணே!" என்றாள் லத்தீஃபா. ஏதோ பெண் பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்ட பூரிப்பு அவளுக்கு.

"அதான் பாத்தேனே. பள்ளிக்கூடம் தொறக்க நாப்பது நாள் கீது. அஞ்சு நாளைக்கு ஒரு சுத்து அவுத்துகினே வந்தா, வெறுங்கம்பிக்கு வந்துடலாம்மா" என்றார் பக்தவச்சலம். அந்த உயர்நிலைப் பள்ளியின் பியூன் அவர்.

அது ஐம்பத்தாறாம் வருஷத்துக் கோடை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் நூல்கண்டும் பொத்தானும் விற்கிற பஷீருதீனின் மனைவி லத்தீஃபா. அவர்களுக்கு ஒரே பெண் சல்மா, வயது பத்து. சல்மா யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். அத்தாவின் கடைப் பொத்தான்களை நிறம் வாரியாக அடுக்குவாள். ஒன்றை நகர்த்தினால் வீடு இடிந்துபோகிற மாதிரிக் கத்துவாள். கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்லுவாள். ஆனால் வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாக ஒப்பிப்பாள். தெருக்கோடி ஆரம்பப் பள்ளியில் ஐந்து வருஷம் ஒரே அறை, ஒரே பாய், ஒரே ஆசிரியை என்று எப்படியோ ஓடிவிட்டது. இனி முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளி, நாற்பது பிள்ளைகள், மணிக்கொரு மணி.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்த பஷீருதீனின் அண்ணன் ரஹ்மத்துல்லா இதற்கெல்லாம் கையோடு ஒரு பெயர் வைத்திருந்தார்: ஜின். கடற்கரையில் ஒரு தர்காவில் நாற்பது நாள் காலில் சங்கிலி போட்டு உட்கார வைத்தால் இறங்கிவிடுமாம். சொல்லுகிறவருக்கு என்ன, கால் அவருடையதா? பஷீருதீன் நல்லவன்தான். ஆனால் அண்ணன் எதிரில் வாய் திறக்காத நல்லவன். கடைசியில் பெண்டாட்டியிடம் ஒரு வாக்குக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டால் பள்ளிக்கூடம், திருப்பி அனுப்பினால் தர்கா. தலைமையாசிரியரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல் நாள் பார்ப்பேன். கத்தி வகுப்பைக் கலைத்தால் அன்றைக்கே பேரை எடுத்துவிடுவேன்."

ஆகவே லத்தீஃபா அந்த முதல் நாளை நாற்பது தடவை நடத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். தினமும் பதினோரு மணிக்கு, மலைமேல் கழுகுக்கு அமுது வைக்கிற நேரம் நெருங்கி ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மகளோடு பள்ளிக்கு நடப்பாள். அதே வழி, அதே பக்கம். விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளியைப் பக்தவச்சலம் திறந்துவிடுவார். மணி, வராந்தா, முதல் பாரத்து அறை, மூன்றாம் பெஞ்சு. பிறகு ஆஜர்.

ஆஜர் யோசனை பக்தவச்சலத்துடையது. "நாப்பது பேரு கூப்பிடற வரைக்கும் வாய மூடிகினு ஒக்காந்து, தன் பேரு வந்தா மட்டும் பதில் சொல்லணும்மா. அதுக்கும் பழக்கம் வேணும்ல?" என்றார். புது வருஷத்துப் பதிவேடு இன்னும் வரவில்லை. அதனால் பீரோவிலிருந்து பழைய பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்து, வாத்தியார் நாற்காலியின் விளிம்பில் கூச்சத்தோடு உட்கார்ந்து வாசித்தார். முப்பத்திரண்டு பேர். கடைசியில் தானாகச் சேர்த்துக்கொண்டது "உம்மு சல்மா."

மூன்றாம் நாளே அவள் "உள்ளேன் ஐயா" என்றாள்.

வினை தொடங்கியது பத்தாம் நாள் வாக்கில். சன்னல் பக்கம் உட்கார்ந்து பழகியிருந்த சல்மா, அன்று நடைபாதைப் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டாள். நகர்ந்துவிட்டு, காலியாக விட்ட சன்னல் ஓரத்தைப் பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தாள்.

"இன்னாடி பண்ற?"

"ஈரம்" என்றாள் சல்மா.

லத்தீஃபா தொட்டுப் பார்த்தாள். மே மாத வெயிலில் காய்ந்து வெடித்திருந்த பலகை. ஈரமாவது ஒன்றாவது. மறுநாளும் துடைத்தாள். அதற்கு மறுநாளும். அந்த இடத்தில் லத்தீஃபா கூடையை வைத்தபோது தொண்டைக்குள்ளே வண்டு மாதிரி ரீங்காரம் எழுப்பினாள். கத்தலுக்கு முந்தைய சத்தம் அது, பெற்றவளுக்குத் தெரியும். கூடையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெயர் வாசிக்கும்போது பக்தவச்சலம் பதினேழாம் பெயருக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்வார். "வேண்டா" என்பார். மற்றப் பெயர்களுக்குப் பின்னால் விடுவதைவிட அதற்குப் பின்னால் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பார். பிறகுதான் பதினெட்டு.

துணி இரண்டே சுற்றாக இளைத்திருந்த நாள் அது. வெளியே அனல். வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

"பதினேழு. வேண்டா."

"உள்ளேன் ஐயா."

சொன்னது சல்மாவின் வாய்தான். குரல் அவளுடையதல்ல. கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காற்றுக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்துப் போகுமே, அந்தக் குரல். பதிவேடு பக்தவச்சலத்தின் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. லத்தீஃபா ஓடிப்போய் மகளை அணைத்துக்கொண்டு ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். பாதியில் வரி மறந்துபோனது.

"யாருண்ணே அது? யாரு வேண்டா?"

"எம் பொண்ணும்மா" என்றார் பக்தவச்சலம். "மூணாவதும் பொண்ணாப் பொறந்துச்சுன்னு அந்தப் பேரு வெச்சோம். வெச்ச பெறகு அதுமேலதான் உசுரு. இதே பாரத்துல, இதே பெஞ்சியில, அந்த சன்னலாண்டதான் படிச்சிது. ஆறு வருசம் ஆச்சு. மாபலிபுரம் காட்டறேன்னு புள்ளைங்கள இட்டுகினு போனாங்க. அலையில கால நனைக்கப் போனது திரும்பல. ஒடம்பு கெடைக்கல. ஒடம்பு கெடைக்காததால பேரையும் அடிக்கல. வருசம் பூரா கூப்பிட்டு, வரல, வரலன்னு புள்ளி வெச்சாங்க."

"தெரிஞ்சேதான் அந்தப் புஸ்தகத்த எடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றார். "வூட்டுல அந்தப் பேரச் சொன்னா எம் பொஞ்சாதி மயங்கி வுழுந்துடுவா. வாயாரக் கூப்பிடணும்னு இருந்துச்சு. யார் கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

லத்தீஃபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அதே நேரத்தில் அழுகையும் வந்தது. இது வெளியே கசிந்தால் ரஹ்மத்துல்லா அன்று மாலையே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். "இத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுண்ணே" என்று கெஞ்சினாள்.

பக்தவச்சலம் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. குனிந்து பதிவேட்டை எடுத்தார். "இன்னொரு வாட்டி கூப்பிடட்டுமாம்மா?" என்றார்.

அந்தக் கேள்விதான் லத்தீஃபாவை உலுக்கியது. இவர் விடப்போவதில்லை. நாளைக்கும் கூப்பிடுவார், நாளன்றைக்கும் கூப்பிடுவார். தன் பெண்ணின் வாய் இவர் பெண்ணுக்கு வாசலாகிவிடும். சல்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நிறுத்தாதம்மா. எம் பொண்ணு வந்துகினு கீதும்மா!"

"உங்க பொண்ணுக்காக எம் பொண்ண வுட முடியாதுண்ணே."

பிறகு அவள் பள்ளிப் பக்கமே போகவில்லை. மீதியிருந்த இரண்டு சுற்றை வீட்டிலேயே, வேறொரு கம்பியில் துணி சுற்றி, பக்கத்துக் கடையிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தராசுத் தட்டில் அடித்து அடித்து அவிழ்த்தாள். சல்மா வெறும் இரும்புச் சத்தத்துக்கும் காதைப் பொத்துவதை விட்டாள். ஆனால் தினமும் பதினோரு மணிக்கு வாசற்படியில் போய் நின்று, பாவாடை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு பள்ளி இருந்த திசையைப் பார்த்தாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பஷீருதீன் கடையைத் திறக்காமல் வெளிக்கேட்டருகே நின்றான். பக்கத்தில் அவன் அண்ணன், வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி. லத்தீஃபா மட்டும் உள்ளே போய் வகுப்புச் சன்னலுக்கு நேரே வேப்பமரத்தடியில் நின்றாள். வெறுங்கம்பியால் பக்தவச்சலம் மணி அடித்தார். எட்டூருக்குக் கேட்கிற சத்தம். சல்மா காதைத் தொடவில்லை. கற்றபடி வராந்தாவில் ஏறி, கற்றபடி மூன்றாம் பெஞ்சில், நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தாள். சன்னல் ஓரத்தைத் துடைத்தாள்.

பெஞ்சுகள் நிரம்பின. கடைசியில் சாராள் என்கிற பெண் சிலேட்டும் பையுமாக வந்தாள். மூன்றாம் பெஞ்சைத் தவிர வேறெங்கும் இடமில்லை. "தள்ளு" என்றாள். சல்மா காலி இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆள் கீது."

"எங்க கீது? யாருமே இல்ல!" சாராள் பையை அங்கே எறிந்தாள்.

ரீங்காரம் தொடங்கியது. சன்னலுக்கு வெளியே நின்ற லத்தீஃபாவுக்கு அது கேட்டது. வாத்தியார் செங்கல்வராயன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே "அங்க என்ன சத்தம்?" என்றார். வராந்தாவின் அந்தக் கோடியில் தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டு அறைதான்.

லத்தீஃபா ஓடினாள். பக்தவச்சலம் கம்பியைக் கையில் பிடித்தபடியே தண்டவாளத்தடியில் நின்றிருந்தார்.

"அண்ணே, கத்தப் போறா. அவ பக்கத்துல ஒக்காந்திருக்கறவள நீங்கதான் கூப்பிட்டீங்க. நீங்களே இட்டுகினு போங்க."

"நான் எப்படிம்மா போன்னு சொல்றது? ஒரு வாட்டி போனவ. மறுபடியும் நானே எப்படி…"

"போன்னு சொல்லாதீங்க. வான்னு சொல்லுங்க. நீங்க பெத்தவரு, கூப்பிட்டா வருவா. எங்க வூட்ல எம் பொண்ணுக்குச் சங்கிலி வாங்கி வெச்சுட்டாங்கண்ணே."

பக்தவச்சலம் வகுப்பறைப் பக்கம் பார்த்தார். கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனார். ஏதோ சுற்றறிக்கை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துச் செங்கல்வராயன் கையை நீட்டினார். பக்தவச்சலம் அவரைத் தாண்டி மூன்றாம் பெஞ்சுக்குப் போய், சாராளின் பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, காலி இடத்தின் முன் குனிந்தார்.

"வேண்டா… பள்ளிக்கூடம் வுட்டாச்சும்மா. நைனா வந்துட்டேன். வா, வூட்டுக்குப் போலாம்."

பின் பெஞ்சில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றது. சல்மா எழுந்து நடைபாதையில் ஒதுங்கி நின்றாள், உள்ளே இருக்கிறவள் வெளியே வர வழிவிடுகிறவளாக. பிறந்ததிலிருந்து யார் முகத்தையும் பார்க்காத பெண், தன் உயரத்துக்கு எதையோ நேருக்கு நேராகப் பார்த்தாள். அவள் கண்கள் பெஞ்சிலிருந்து நடைபாதைக்கும், நடைபாதையிலிருந்து வாசலுக்கும் நகர்ந்தன.

பக்தவச்சலம் வெளியே வந்தார். வலது கை தாழ்ந்து, ஒரு சின்னக் கையைப் பற்றியிருக்கிறது போல விரல்கள் மூடியிருந்தன. எதிரே தலைமையாசிரியர்.

"என்னய்யா, வேலை நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய்?"

"பொண்ண வூட்டுல வுட்டுட்டு வந்துடறேங்க ஐயா."

தலைமையாசிரியர் அந்தக் கையைப் பார்த்தார். வேண்டா படித்தபோதும் அதே பள்ளியில் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

படிக்கட்டில் நின்ற லத்தீஃபாவும் ஒதுங்கினாள். ஒருவருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வழிவிட்டாள். அவர் தாண்டிப் போகையில் அவள் புறங்கையில் சொட்டச் சொட்ட நனைந்த துணி ஒன்று உரசிப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

உள்ளே சல்மா சன்னல் ஓரத்துக்கு நகர்ந்து பலகையைத் தடவிப் பார்த்தாள். "காஞ்சி போச்சு" என்றாள் சாராளிடம். சாராள் முறைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் சன்னல் வழியே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

செங்கல்வராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆஜர் எடுக்கத் தொடங்கினார். லத்தீஃபா ஒவ்வொரு பெயராக எண்ணிக்கொண்டு நின்றாள். பதினைந்து. பதினாறு.

"பதினேழு. உம்மு சல்மா."

ஒரு மூச்சு வாங்குகிற நேரம் அமைதி.

"உள்ளேன் ஐயா."

அவளுடைய குரல்தான். பெற்றவளுக்குத் தெரியாதா? விம்மல் வெளியே கேட்காமலிருக்க லத்தீஃபா புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள். உதட்டில் உப்புக் கரித்தது.