ஏரிக்கே திரும்பிய நத்தைகள்

பூச்சிமருந்து அடித்த நெல்லின் பாவம் சாப்பாட்டு இலைவரை வந்து உட்காருகிறது என்று சொல்லித்தான், சுமதிநாதன் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பங்கள் சிலவற்றைத் திரட்டிக்கொண்டு, திருமுக்கூடலுக்கு அப்பால் ஓர் ஏரியடியில் குடியேறினார். கொலை கலவாமல் நாமே விளைவிப்போம், கடையில் ஒரு மணி அரிசி வாங்க மாட்டோம் என்று பகவான் முன்னால் வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். சொன்ன சொல்லை விழுங்கியவர் அவர் வம்சத்தில் கிடையாது.

நட்ட நாற்றை நத்தை தின்றது. மறுபடி நட்டார்கள். மறுபடியும் தின்றது.

விடிந்ததும் எல்லோரும் வயலில் இறங்கி நத்தைகளைப் பொறுக்குவார்கள். சுமதிநாதன் முன்னே நடக்க, வாளிகள் ஏரிக்குப் போகும். நத்தைகளை நோகாமல் நீரில் விடுவார்கள். மதகுத் தண்ணீரோடு அவை வயலுக்கே வந்து சேரும்.

"வேற ஏரியில விடலாமே மாமா," என்றாள் மருமகள் திரிசலா. "நாமளே வழியனுப்பிட்டு நாமளே வரவேத்துக்கினு இருக்கறோம்."

"தண்ணி வடிகட்டினா துணியில தங்குற உயிரை எங்க விடுவோம்? எடுத்த தண்ணியிலதானே? பெரியவங்க என்ன முட்டாளுங்களா?"

"அவங்க குடத்துக்கு வடிகட்டினாங்க. நாம ஏரிக்கே வடிகட்டிக்கினு இருக்கறோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

வாத்து மேய்க்கும் முனிசாமி வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தான். "ஒரு நாள் வாத்தை இறக்கட்டா நயினாரே? நீங்க அந்தாண்ட திரும்பி நின்னா போதும்."

"திரும்பி நின்னா பாவம் தொலைஞ்சிடுமா? போய்யா!"

இந்த நடவும் போனால் ஊருக்கே திரும்பிவிடுவோம் என்று மற்றவர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். சுமதிநாதன் கோயில் விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, வயலில் நத்தை இல்லை. சேறெங்கும் வாத்துக் கால்தடம். மகன் அர்ஹந்த் தலை குனிந்து நின்றான். அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் மகன் வீட்டில் இருக்க முடியாது.

நெல் விளைந்தது. ஒருவரும் ஊர் திரும்பவில்லை. புது அரிசிச் சோற்றை எல்லோரும் உண்டார்கள். சுமதிநாதன் மட்டும் இலையை மறித்துக் கைவைத்தார்.

"இது வேணாம்."

"இது வாத்துச் சோறு, வேணாம், சரி," என்றாள் திரிசலா. "கடை அரிசின்னா மருந்து. உங்க வாக்கும் போயிடும். எதைப் போடட்டும் மாமா?"

அவருக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பதிலைத் தேடிக்கொண்டிருக்கையில் பனைகளுக்குப் பின்னால் பொழுது இறங்கிவிட்டது. விளக்கு வைத்தபின் அந்த வீட்டில் யாரும் உண்பதில்லை.

திரிசலா இலையை எடுத்தாள்.

"நாளைக்கும் இதையேதான் கேப்பேன்," என்றாள்.