வியாழனை வெள்ளியாக்கியவன்

எங்கள் செக்ஷனில் மூன்று மணிக்கு மேல் வரும் புகாருக்கு மறுநாள் தேதிதான் போடுவோம். விதியில் அப்படி எதுவும் இல்லை. புகார் பதிவான பத்து நாளுக்குள் பேங்க் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் தள்ளிப் பதிந்தால் எங்களுக்கு ஒரு நாள் மூச்சு விடலாம். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். ஆறு வருஷத்தில் ஒருநாளும் அது உறைத்ததில்லை.

அந்த அக்கா வந்தது ஒரு வியாழக்கிழமை, மூன்றே கால் மணிக்கு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை துவைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் சலவை சோடாவில் வெந்து தோல் உரிந்து கிடந்தது. திங்கட்கிழமை அவர் கணக்கிலிருந்து நாற்பத்தெட்டாயிரத்தை யாரோ உருவியிருந்தார்கள். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். இரட்டை ஷிஃப்ட் வேறு. மெசேஜைப் பார்த்ததே தாமதம். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். போனது அவர் பணம்கூட இல்லை. தங்கச்சி தன் மகளின் நர்சிங் படிப்புக்காகக் கொடுத்து வைத்தது.

"சார், வந்துடுமா?"

"வந்துடும்கா. மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா முழுசும் பேங்க் பொறுப்பு."

சொன்ன வாய் மூடுவதற்குள் வெள்ளிக்கிழமை தேதியைத் தட்டினேன். கைப்பழக்கம். செவ்வாய், புதன், வியாழன் என்று அவருக்கு இருந்தது மூன்று நாள். நான் போட்டது நான்காவது நாள். அந்த ஒரே தேதியில்தான் எங்கள் கெடுவும் ஓடுகிறது, அவர் கெடுவும் ஓடுகிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

தலைமை அலுவலகம் புகாரைத் தள்ளிவிட்டது. தாமதமாகத் தெரிவித்ததால் இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது என்று இரண்டே வரி. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் தட்டிய வெள்ளிக்கிழமைதான் காரணம். மறுபரிசீலனைக்கு முப்பது நாள் இருந்தது. அதில் இருபத்தொன்பதை நான் தின்றேன். தினமும் அந்த ஃபைலைக் கட்டின் அடியில் செருகுவேன். மறுநாள் காலையில் முதலில் அதைத்தான் தேடுவேன்.

முப்பதாம் நாள் சூப்பர்வைசரிடம் போனேன். கெடு தவிர வேறு பேச்சில்லாததால் அவருக்கு 'காலண்டர்' என்று பேர்.

"அவங்க வியாழக்கிழமையே வந்துட்டாங்க சார். எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுது ராசா, எழுது. ஆறு வருஷமா நீ தள்ளின தேதியெல்லாம் ஹெட் ஆபீஸ்காரன் தோண்டுவான். எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. முழுசா வீடு போய்ச் சேர விடுப்பா."

"அவங்க பணம்?"

"அவ்வளவு உறுத்துச்சுன்னா உன் கையிலேருந்து ஏதாச்சும் கொடுத்தனுப்பு."

வெட்கங்கெட்டு அதையும் செய்து பார்த்தேன். அன்றைக்கே சலவைக்கூடத்து ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டதும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஈரக் கையோடு வந்தார். இருபதாயிரம் வைத்த கவரை நீட்டினேன்.

"இது பேங்க் கொடுக்குதா, நீங்க கொடுக்கறீங்களா?"

"நான்தான்கா."

"நீங்க எதுக்கு சார்? லேட்டா வந்தது நான்தானே."

"நீங்க லேட்டா வரலக்கா."

"வந்திருக்கேன் சார். வியாழக்கிழமைன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தங்கச்சி பேங்க் பேப்பரைத் தூக்கி மூஞ்சில எறிஞ்சா. 'பாரு, வெள்ளின்னு போட்டிருக்கு. அத்தனை நாள் என் பணத்தை வெச்சுக்கிட்டு என்ன நாடகம் ஆடினே'ன்னு கேட்டா. பேங்க்ல தப்பாவா போடுவாங்க? எனக்குத்தான் வெந்நீர்லயே கிடந்து மூளையும் வெந்துடுச்சுன்னு நெனச்சேன்."

கவரை டிராயரில் போட்டேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன். வியாழன் மூன்றே கால் மணிக்கு வந்தார், மறுநாள் தேதி போட்டவன் நான், மூன்று மணிக்கு மேல் எல்லோருக்கும் இப்படித்தான் போடுகிறோம். கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காலண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எழுதியதை வரி வரியாக அந்த அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா." அதையே திருப்பிச் சொன்னார். "இப்போ பணம் வருமா?"

"வரணும்கா. அடிச்சுச் சொல்ல முடியல."

"அது வரும்போது வரட்டும். தங்கச்சி என்கூடப் பேச்சை நிறுத்தி மூணு வாரமாச்சு. என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டா. உங்க போன்ல போடுங்க. என்கிட்ட சொன்னதைப் பூசி மெழுகாம அவகிட்டயும் சொல்லுங்க."

நம்பரைச் சொன்னார். அடித்தேன்.

"வணக்கம், பேங்க்லேருந்து பேசறேன்..."

"ஓடிபி வேணுமா? செருப்புப் பிஞ்சிடும், வை போனை!"

கட்டாகிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "மறுபடி போடுங்க" என்றார்.

மூன்றாவது தடவை எடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் மூச்சு விடாமல் கொட்டினேன்: "வெச்சிடாதீங்கம்மா. உங்க அக்கா சரியான நாள்லதான் வந்தாங்க. தேதியை மாத்தினது நான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அதையே இன்னொரு தடவை சொல்ல வைத்தாள். பிறகு, "அக்கா அங்க இருக்காளா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வெடித்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டார்.

"இருக்கான்னு சொல்லிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க. முதல்ல அவ பேசட்டும். நான் கேட்கறேன்."