உள்ளே ஆள் இருக்கும்போது

பொத்தானை அழுத்தியதும் கணினிப் பெட்டிக்குள் விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு நீளமாக ஒரு கூவல் வந்தது. கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. திரை கறுப்பாகவே இருந்தது. லிஃப்ட்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மைத்துனரைப் பார்த்தார்.

“இருமுது,” என்றார் மைத்துனர். “இருமினா உயிர் இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லன்னாதான் நான் தொப்பியக் கழட்டுவேன்.”

மைத்துனரிடம் தொப்பி கிடையாது. தலையில் முடியும் கிடையாது. அவர் பல் செட் செய்கிறவர். லிஃப்ட்காரருடைய மனைவியின் தம்பி. ஊரில் பாதிப் பேர் தன்னுடைய பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று சொல்வார். மீதிப் பேர் இன்னும் பணம் கட்டவில்லை என்பார். இந்த வீட்டுக் கணினியை முதன்முதலில் பிரித்துப் பார்த்தவரும் அவர்தான். மகள் படிக்கிற காலத்தில், வாங்கி வந்த இரண்டாம் நாளே, அதில் எந்தக் கோளாறும் இல்லாதபோது.

இன்று அவர் தொழில் பையையே கொண்டுவந்திருந்தார். பல்லிடுக்கு நோண்டும் கொக்கி, சின்னத் தூரிகை, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் வட்டக் கண்ணாடி. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு சிறு பஞ்சுமெத்தை அளவுக்குத் தூசி வந்தது. மைத்துனர் கண்ணாடியை உள்ளே விட்டு, நோயாளியிடம் பேசுகிற குரலிலேயே, “பயப்படாத, வலிக்காது,” என்றார். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்றில்லை. சிரிப்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்பது மறந்துபோயிருந்தது.

மனைவி போனதிலிருந்து மூன்று மாதமாக அவர் அப்படித்தான் இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதபோது அவர் நாற்காலி எடுத்துப்போட்டார். அதிகம் அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று உறவில் ஒருத்தி பிறகு குறையாகச் சொன்னாளாம். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆயுசு முழுக்க அதைச் சரிசெய்து சம்பாதித்தவர். விளக்கு எரியும், காற்று வரும், ஒரு குறையும் இருக்காது. கதவைத் திறந்தால் எதிரே சுவர் மட்டும் இருக்கும். அவ்வளவுதான்.

அந்தக் கணினி எழுந்திருக்கிற வேகத்தைப் பற்றி வீட்டில் பல கதைகள் உண்டு. அவர் மனைவி ஒருமுறை பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்த் துணி துவைத்து, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். திரை அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதற்குள் மாடியில் ஓர் அறையே கட்டி முடித்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அது மிகை. பூச்சு வேலை பாக்கியிருந்தது. இந்த லட்சணத்தால் அவள் அதை ஒருநாளும் அணைப்பதில்லை. உறங்க வைப்பாள். அதில் இரண்டு உறக்கம் இருந்தது, மைத்துனர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒன்று கோழித்தூக்கம். தொட்டால் எழும், ஆனால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இன்னொன்று ஆழ்ந்த உறக்கம். நடந்துகொண்டிருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டில் எழுதி வைத்துவிட்டு, சுத்தமாக அணைந்துவிடும். மறுபடி எழுப்பினால் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கும். திரையில் இரண்டுக்கும் பொத்தான் பக்கத்தில் பக்கத்தில்.

அவள் அதில் செய்ததெல்லாம் ஒன்றுதான். தனியாளாக ஆடுகிற சீட்டு. காலை வேலை முடிந்ததும் உட்காருவாள். ராஜாக்களை அதட்டுவாள். ராணி வராவிட்டால், “வரமாட்டா, மகாராணி, பவுடர் பூசிட்டிருப்பா,” என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கும் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். வண்டி கீழே வந்து நின்றது. அவர் கூப்பிட்டார். “இருங்க, நல்ல சீட்டு. வந்து முடிக்கிறேன்,” என்று அவசரமாக எதையோ அமுக்கிவிட்டு எழுந்தாள். அவர் கதவைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை இறக்கினார். வீட்டைவிட்டு எல்லோரும் கிளம்பினால் அவர் எப்போதும் அப்படித்தான். மெயினை இறக்காமல் எதையும் தொடாதே, எங்கும் போகாதே என்று தொழிலில் படித்தது, கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் திரும்பி வரவில்லை.

எந்த உறக்கம் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். கோழித்தூக்கமென்றால், அந்த ஆட்டத்தை அவரே தன் கையால் முடித்துவைத்துவிட்டார் என்று அர்த்தம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மூன்று மாதத்தில் அந்த மேஜை ஓரமாகக்கூட நடக்கவில்லை. முந்தாநாள் மகள் போன் செய்து, பழைய சாமான் எடுக்கிறவனுக்குச் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை வந்து அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போவான் என்றாள். அதற்குப் பிறகுதான் போய்ப் பொத்தானை அமுக்கினார். என்னவோ எழுத்து ஓடியது, பாதியில் நின்றது, அப்புறம் கூவல். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மைத்துனரைக் கூப்பிட்டு, அவள் ஆட்டம் பாதியில் நிற்கிறது என்று மட்டும் சொன்னார். இன்று சனிக்கிழமை.

“அத்தான், இதுல பல்லு ஆடுது,” என்றார் மைத்துனர், உள்ளேயிருந்து நீளமான ஒரு பச்சைத் தகட்டைப் பிடுங்கிக் காட்டி. “இதுதான் நினைவு. காலெல்லாம் கறுத்துப்போச்சு. ரப்பர் இருக்கா, பென்சில் அழிக்கிற ரப்பர்?”

“ரப்பர் போட்டு அழிச்சா நினைவு போயிடாதா?”

மைத்துனர் நிமிர்ந்து பார்த்தார். அத்தான் முகத்தில் எதுவும் இல்லை. கேலியா கேள்வியா என்று தெரியவில்லை. “இது வேற நினைவு அத்தான். கரண்ட் போனதும் இது எல்லாத்தையும் மறந்துடும். என்னை மாதிரி.”

மகளுடைய பழைய பெட்டியிலிருந்து ரப்பர் கிடைத்தது. மைத்துனர் தகட்டின் பொன்னிறப் பற்களைத் தேய்த்தார். நாற்பது வருஷமாகப் பல் தேய்த்த கை. திரும்பப் பொருத்தி அழுத்தியபோது ‘டக்’ என்று உட்கார்ந்தது.

இந்த முறை கூவல் இல்லை. திரையில் வெள்ளை எழுத்து வந்தது. தேதி தெரியவில்லை, எந்த வட்டிலிருந்து எழுவது என்றும் தெரியவில்லை என்று சொல்லி அது நின்றது. மேலே மூலையில், அந்த இயந்திரம் பிறந்த வருஷத்தின் முதல் தேதி.

“ஒரு வட்ட பேட்டரி இருக்கும் உள்ள. தூங்கும்போது மணி பாத்துக்கிறது அதுதான். செத்துடுச்சு. கடை பக்கத்துல இருக்கா?”

லிஃப்ட்காரர் எழுந்து போனார். படுக்கையறை அலமாரியில், அவளுடைய சீப்புக்குப் பக்கத்தில், சர்க்கரை பார்க்கும் கருவி ஜிப் வைத்த சின்னப் பையில் இருந்தது. முதுகுப் பக்கம் திறக்குமுன் கை பட்டு அது உயிர் பெற்றுக் கடைசியாகப் பார்த்த அளவை ஒரு கணம் காட்டியது. நல்ல அளவுதான். பார்த்ததும் சந்தோஷப்பட்டு, அன்றைக்கே ஏதாவது இனிப்புத் தின்றிருப்பாள். அவர் நகத்தால் மூடியை நெம்பி பேட்டரியை எடுத்தார். எண் அணைந்தது.

மைத்துனர் அதை வாங்கிப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கொக்கியால் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தார். “சைஸ் சரியா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

தேதியைச் சரிசெய்து, வட்டைக் காட்டிக்கொடுத்து, மறுபடி கிளப்பினார். எழுத்துகள் ஓடி நின்றன. கறுப்புத் திரையில் இரண்டே இரண்டு வரி. மைத்துனர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

“ஆழ்ந்த உறக்கந்தான் அத்தான். எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்கா.”

லிஃப்ட்காரர் தலையசைத்தார். பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதா என்று தேடிப்பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“ஆனா ஒரு சிக்கல். நீங்க முந்தாநாள் எழுப்பினப்போ பாதியில விழுந்திருக்கு. இப்ப என்ன பண்ணன்னு கேக்குது. பழசை அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கவா, இல்ல விட்ட இடத்துலருந்து இன்னொரு தடவை முயற்சி பண்ணவான்னு.” மைத்துனர் தாடையைச் சொறிந்தார். “புதுசா ஆரம்பிச்சா நிச்சயமா எழுந்துடும். திரை நல்லபடியா வரும். பாப்பா போட்டோ, உங்க பாட்டு எல்லாம் இருக்கும். அந்தச் சீட்டு மட்டும் போயிடும். ரெண்டாவது… வட்டு ரொம்பக் கிழடு அத்தான். சத்தத்தைக் கேளுங்க, பொக்கை வாயில பொரிகடலை மெல்லுற மாதிரி. இதுல விழுந்தா மொத்தமா எழுந்திருக்காமலும் போகலாம். நானா இருந்தா புதுசுதான்.”

“கூடாது.”

“யோசிச்சு…”

“உள்ள ஆள் இருக்கறப்போ புதுசாக் கிளப்பக்கூடாது.”

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். லிஃப்ட்காரர் திரையைப் பார்த்தபடி, கூட வேலைக்கு வந்த ஆளுக்கு விளக்குகிற குரலில் சொன்னார். “லிஃப்ட் பெட்டி நடுவுல நின்னா எல்லாரும் சுவிட்சத்தான் போட்டுப் போட்டு அணைப்பாங்க. அது தப்பு. எங்க இருக்கோம்னு அதுக்கு மறந்துபோயிடும். கீழ் மாடிக்கு ஓடிப் பார்க்கும், மேல ஓடிப் பார்க்கும். உள்ள இருக்கறவங்க கதி என்ன? மேல போயி, பிரேக்கை விட்டு, கையால சக்கரத்தைச் சுத்தணும். கொஞ்சம் கொஞ்சமா. நின்ன இடத்துலருந்து.” கை காற்றில் ஒரு சக்கரத்தைச் சுற்றியது. “ஒருக்கா ஒரு பெட்டிக்குள்ள ஒரு சங்கீத வாத்தியார் மாட்டினார். நான் சுத்தி முடிக்கறதுக்குள்ள கூட மாட்டின ரெண்டு பேரும் பாடக் கத்துக்கிட்டாங்க.”

அவர் மூன்று மாதத்தில் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான்.

“ரெண்டு பேருமா?” என்றார் மைத்துனர்.

“ஒருத்தனுக்குச் சுதி சேரல.”

மைத்துனர் அம்புக்குறியைக் கீழ் வரிக்கு நகர்த்தினார். அமுக்கச் சொல்லி விசைப்பலகையை அத்தான் பக்கம் தள்ளினார். லிஃப்ட்காரர் அமுக்கினார்.

கீழே ஒரு கோடு இடதிலிருந்து வலமாக நிரம்ப ஆரம்பித்தது. பாதி வந்து நின்றது. வட்டு முனகியது. மைத்துனர் தன்னையறியாமல் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. தெருவில் பழைய சாமான்காரனின் வண்டி மணி கேட்டது. இந்த வீட்டைத் தாண்டிப் போய், கதவு எண்ணைப் பார்த்துத் திரும்பியது. கோடு ஒரு கட்டம் நகர்ந்தது. இன்னொரு கட்டம். பிறகு மிச்சத்தையெல்லாம் ஒரே வாயில் விழுங்கியது.

திரை பச்சையானது. ஏழு வரிசைச் சீட்டுகள். ஒரு கறுப்பு ராஜா தனியாக ஓர் ஓரத்தில் நின்றார், அதட்டு வாங்கியவர்போல. அம்பு, கவிழ்த்து வைத்த கட்டின் மேல், அடுத்த சீட்டைத் திருப்பப் போகிற இடத்தில் இருந்தது. கீழ்ப்பட்டையில் அவள் எடுத்த புள்ளி. பக்கத்தில் கடிகாரம். அது நின்ற இடத்திலிருந்து, மூன்று மாதம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல், அடுத்த நொடிக்குப் போனது. அதற்கு அடுத்ததற்கும்.

“நல்ல சீட்டுன்னு சொன்னா,” என்றார் லிஃப்ட்காரர்.

“நல்ல சீட்டுதான். அந்தச் சிவப்பு ஒம்பதைத் தூக்கிக் கறுப்புப் பத்து மேல வெச்சா ஒரு வழி திறக்கும். எப்படிப் பாக்காம விட்டா?”

“ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்துடுச்சில்ல.”

புள்ளி இரண்டு குறைந்தது.

“அது என்ன?”

“சும்மா உக்காந்திருந்தா ரெண்டு ரெண்டாப் புடிப்பான் அத்தான். ஆடிக்கிட்டே இருக்கணும்.”

“அவளுக்கும் புடிச்சானா?”

“எல்லாருக்குந்தான்.”

வாசல் மணி அடித்தது. மைத்துனர் தன் கொக்கிகளையும் வட்டக் கண்ணாடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அத்தான் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் போனார். “இன்னிக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆடிட்டிருக்காங்க,” என்று அவர் வாசலில் சொல்வது கேட்டது. பழைய சாமான்காரன் ஏதோ கேட்டான். மைத்துனர் அவனுடைய முன்பல்லைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

லிஃப்ட்காரர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். சுட்டியின் இடப்பக்கப் பொத்தானில் பூச்சு தேய்ந்து, அவள் விரல் அளவுக்கு வழவழவென்று ஒரு பள்ளம் இருந்தது. தன் விரலை அதில் வைத்தார். அது பள்ளத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. புள்ளி மறுபடி இரண்டு குறைந்தது. ஒன்பது எங்கே இருக்கிறது என்று தெரியும், பத்து எங்கே என்றும் தெரியும். அவர் எதையும் நகர்த்தவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் கை அசையாமல்தான் இருந்தது. திரையில் அம்பு மட்டும், கவிழ்ந்திருந்த கட்டின் மேல், ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.