புதிதாக வந்தவள்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில், முந்தின நாளே ரிப்போர்ட் அனுப்பி முடித்துவிட்ட ஒரு ஸ்லைடை அலமாரியில் அடுக்கும் முன், தலைமை டெக்னீஷியன் இன்னொருமுறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பார்த்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையும் விரலால் தடவிப் பார்க்கிற பெண்மணி அவர். வீட்டில் மருமகளின் முகத்தைச் சுளிக்கவைக்கும் அந்தப் பழக்கம் ஆய்வகத்தில் பலருடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஸ்லைடில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று, பிறந்ததிலிருந்து வயிறு உப்பி, மலம் சரியாகப் போகாமல் அவதிப்படும் இரண்டு மாதப் பெண் குழந்தையின் குடலிலிருந்து எடுத்த கடுகளவுச் சதை. மற்றொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைக்கப்படும், நோயில்லாத ஒருவரின் குடல். அதைக் கன்ட்ரோல் என்பார்கள். குடலின் சுவரில் நரம்பு செல்கள் இருந்தால்தான் அது அசைந்துகொடுக்கும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கைக்குழந்தைகளுக்கு அந்தச் செல்கள் முதிராமல் சிறியவையாக, மற்ற செல்களோடு கலந்து, சாதாரணச் சாயத்தில் ஏமாற்றிவிடும். ஆகவேதான் ஆன்டிபாடி. நரம்பு செல்லுக்குள் பந்தல்கால் போல நின்று அதைத் தாங்கும் ஒரு நூல் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, இருக்கும் இடத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. குழந்தையின் சதையில் பழுப்பான செல் ஒன்றுகூட இல்லை. செல்கள் இல்லை என்று ரிப்போர்ட் போயிருந்தது. அன்று காலையே அறுவைச் சிகிச்சை.

அவர் கண் கன்ட்ரோலுக்கு நகர்ந்தது. அங்கே நரம்பு நார்கள் நன்றாகப் பழுப்பேறி, வாரிய தலைமுடி போலக் கிடந்தன. ஆனால் அவற்றின் நடுவே இருந்த செல்கள் வெளிறிப்போய், பூசாமல் விட்ட சுவர்போல நின்றன. இருக்க வேண்டிய இடத்தில் செல் இருக்கிறது, நிறம்தான் இல்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரே புரதத்தைத் தேடும் ஆன்டிபாடிகள் இரண்டு இருந்தன. நார்களில் அந்தப் புரதத்தின்மேல் பாஸ்பேட் என்கிற வேதிப்பொருள் ஏறியிருக்கும். செல்லின் உடலில் ஏறியிருக்காது. ஒன்று பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கும், மற்றது ஏறாததை மட்டும். இரண்டு குப்பிகளிலும் வாயில் நுழையாத ஒரே பெயர். கடைசி எண்தான் வேறு. பல வருடங்களுக்கு முன் ஒரு மதிய உணவு வேளையில், இரண்டுக்கும் பிடித்த ஆள் ஒருவனே, ஆனால் ஒருத்தி இருக்கும் இடத்தில் மற்றவள் இருக்கமாட்டாள் என்று சொல்லி, நார்களைப் பிடிப்பவளுக்கு மூத்தாள் என்றும், செல்லைப் பிடிப்பவளுக்கு இளையாள் என்றும் பெயர் வைத்தவர் தலைமை டெக்னீஷியனேதான். சிரித்தறியாதவர் என்று பெயரெடுத்த அவர் சொன்ன ஒரே நகைச்சுவை என்பதால் அது ஆய்வகத்தில் நிலைத்துவிட்டது.

சாயம் போட்டவரைக் கூப்பிட்டார். வேறொரு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான டெக்னீஷியன்.

"எதைப் போட்டீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் மேடம். இளையாளை."

"அந்தக் குப்பியக் கொண்டாங்க."

அவர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவந்த குப்பியின் சீட்டு இன்னும் பளபளப்பு மாறாமல் இருந்தது. பழையது தீர்ந்துபோனதால் போன வாரம் வரவழைத்தது.

"இது மூத்தா."

"எப்படி மேடம்? இவ போன வாரம்தானே வந்தா. புதுசா வந்தவதானே இளையா?"

சிரித்துக்கொண்டே சொன்னவர், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட ஆய்வக டாக்டர் ஸ்லைடை வெகுநேரம் பார்த்தார். கன்ட்ரோல் பிடித்திருக்கிறதே என்றார். நார்தான் பிடித்திருக்கிறது, செல் பிடிக்கவில்லை என்று தலைமை டெக்னீஷியன் காட்டினார். நேற்று இருவருமே பழுப்பைப் பார்த்தார்கள்; எது பழுப்பு என்று பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாதாரணச் சாயத்திலும் செல் எதுவும் தம் கண்ணில் படவில்லை என்றும், சரியானதைப் போட்டாலும் இதே முடிவுதான் வரும் என்றும் சொன்னார்.

"வரலாம் சார்."

"அப்புறம் எதுக்கும்மா ஊரைக் கூட்டணும்? சத்தமில்லாம திரும்பப் போட்டுப் பாப்போம்."

"போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிடும் சார். அதுக்குள்ள குடலை எடுத்துடுவாங்க. வராமப் போனா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தி, புது ஆளின் கவனக்குறைவு என்று எழுதிவிடலாம் என்றார். ஒரு கணம் அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைத் தலைமை டெக்னீஷியன் உணர்ந்தார். புது ஆள் கதவோரத்தில் கையைப் பிசைந்தபடி நின்றார். அவர் செய்த தவறு, சொன்ன பேச்சைச் சொன்னபடி கேட்டது.

"குப்பியைப் படிக்காதது அவர் தப்பு. குப்பிக்கு வேற பேர் வச்சது என் தப்பு. ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க சார். ஆனா முதல்ல அங்க நிறுத்தச் சொல்லணும்."

தலைமை டெக்னீஷியன் தாமே தொலைபேசியை எடுத்து அறுவை அரங்கைக் கூப்பிட்டார். குழந்தையை உள்ளே கொண்டுவந்தாயிற்று, மயக்க மருந்து டாக்டருக்காகக் காத்திருக்கிறோம் என்று நர்ஸ் சொன்னார். கொஞ்சம் இருங்கள், ஆய்வக டாக்டர் பேசுகிறார் என்று சொல்லி, தலைமை டெக்னீஷியன் ரிசீவரை நீட்டினார். நீட்டிய கை மேசைக்கு மேல் அப்படியே நின்றது. டாக்டர் அதைச் சூடான பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கடைசியில் வாங்கிக்கொண்டார். மறுமுனையில் அறுவை மருத்துவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அங்க சாயம் போடுறீங்களா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நிறுத்துங்க. ரிப்போர்ட்ட நான் திரும்ப எடுத்துக்கறேன்," என்றார்.

ஸ்லைடுக்குச் சீவுவதற்காகப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியில் குழந்தையின் சதை, கரைந்து முடியப்போகும் சோப்புச் சில்லு அளவுக்கே மிஞ்சியிருந்தது. புது ஆள் தாமே சீவுவதாகச் சொன்னார். தலைமை டெக்னீஷியன் அவரை விலக்கிவிட்டுத் தாமே சீவினார். நான்கு சீவல்கள் வந்தன, மூன்றாவது கிழிந்தது.

பெற்றோரிடம் தாமே போய்ச் சொல்வதாகத் தலைமை டெக்னீஷியன் பிடிவாதம் பிடித்தார். வார்டு வராந்தாவில் குழந்தையின் தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். தவறான மருந்தை வைத்துப் பரிசோதித்துவிட்டோம், திரும்பப் பார்க்கவேண்டும் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னார்.

"அப்போ புள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. இருக்கா இல்லையான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது."

"நேத்து தெரியும்னீங்க. வீடே அழுதுச்சு. திரும்ப ஒருநாள் அதே மாதிரி அழணுமா, வேண்டாமா? அதையாச்சும் சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்பதற்காகத் தலைமை டெக்னீஷியன் கோத்துவைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. கைகளைக் குவித்தார், தகப்பனார் வேறு பக்கம் பார்த்தார்.

முடிவானது இது: ரிப்போர்ட் திரும்பப் பெறப்பட்டது. அறுவைச் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. மிஞ்சிய சீவல்களில் சரியான ஆன்டிபாடி போடப்பட்டது; முடிவு சாயங்காலம்தான் தெரியும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் குழந்தையிடமிருந்து மறுபடி சதை எடுப்பது என்று இரு டாக்டர்களும் ஒப்புக்கொண்டார்கள். விடியலிலிருந்து பட்டினி போட்டிருந்த குழந்தைக்குப் பால் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வார்டுக் கட்டிலில் தாய் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அறுவைக்காகக் குறியிட்ட ஊதா மைக்கோடு அழியாத அந்த உப்பிய வயிறு, ஒவ்வொரு மிடறுக்கும் மெல்ல ஏறி இறங்கியது.